எழுத்துக்கு இடம் விட்டு வரை

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பக்கங்கள் வந்து சேர்ந்தன. மேசையில் பரப்பி வைத்து, ஹோட்டலில் இரவு வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதை பிடித்திருக்கிறது. உன் கோடு அதைவிடப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைசித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாயே, முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். டொச்சில், அதாவது ஜெர்மனில், வசனம் எழுதினால் சூரிச்சில் ஒரு பதிப்பகம் கிடைக்கலாம், ஆங்கிலம் என்றால் இன்னும் தூரம் போகலாம், இந்த எங்கடின் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு தமிழில் எழுதி யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறாய். கூரிலும் பேர்ணிலும் படம் வரைகிற மற்றப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உன் சம்மதத்தோடு, உன் பெயரைப் போடாமல், எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

தமிழில் எழுது. முதல் பதிப்பு தமிழில் வரட்டும். மற்ற மொழிகளுக்குப் பிறகு போகலாம்.

மொழிப்பற்று எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சாட்சிக்கு அழைப்பது நீ வளர்ந்த பள்ளத்தாக்கை. ரயிலில் ஷ்குவோலுக்குப் போகும்போது ஆற்றங்கரையில் குவார்டா என்று ஒரு சின்ன நிலையம் வரும். ஊர் அங்கே இல்லை. மேலே, 1,653 மீட்டர் உயரத்தில், மலை கொஞ்சம் இடம் கொடுத்த திட்டில் இருக்கிறது. அந்த ஊர்தான் ‘உவர்சின்’ படக்கதை நடக்கும் ஊர் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலர் வகுப்பில் உனக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். டொச்சில் ‘ஷெல்லன் உர்ஸ்லி’. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மார்ச் 1-ஆம் தேதி எங்கடினில் சலந்தாமார்ஸ். பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பனிக்காலத்தை விரட்டுவார்கள். பெரிய மணி வைத்திருப்பவன் முன்னால் நடப்பான். உவர்சினுக்குக் கிடைப்பதோ எல்லாவற்றிலும் சின்ன மணி. வரிசையின் கடைசியில் நடக்க மனம் வராமல், மலையிலுள்ள கோடைக் குடிலில் தொங்கும் பெரிய மணி நினைவுக்கு வர, யாரிடமும் சொல்லாமல் பனியில் ஏறிப் போகிறான். இரவு அங்கேயே தூங்கிவிடுகிறான். கீழே பெற்றோர் தேடித் தவிக்கிறார்கள். மறுநாள் மணியோடு வருகிறான். இவ்வளவுதான் கதை.

இதை எழுதிய செலினா கோன்ஸ் 1910-இல் சமேடானில் பிறந்தவர். எழுதியது ரொமான்ஷில். அந்த மொழியைத் தன் முதல் மொழியாகச் சொல்பவர்கள் இன்று சுமார் 40,000 பேர், சுவிஸ் மக்கள்தொகையில் அரை வீதம். அதற்குள்ளும் ஐந்து எழுத்து வழக்குகள். எங்கடினிலேயே மேலே ஒன்று, கீழே ஒன்று. 1938-இல்தான் மக்கள் வாக்களித்து அதை நான்காவது தேசிய மொழியாக ஏற்றார்கள். ஏழு வருடம் கழித்து, 1945-இல், போர் முடிந்த வருடத்தில் இந்தப் புத்தகம் வந்தது. ஒரு பள்ளத்தாக்கின் ஒரு வழக்கை ஒரு ஊரின் வீடுகளோடு சொன்ன புத்தகம். அது ஊர் ஊராக, மொழி மொழியாகப் போனது. அதை வரைந்த அலோயிஸ் காரிஜியட்டுக்கு 1966-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. ஓவியர்களுக்கென்று அந்த விருது கொடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

யாருக்கு வரைவது என்று அவர்கள் இருவரும் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? சில ஆயிரம் பிள்ளைகளுக்கு. அந்தச் சில ஆயிரம் பிள்ளைகளுக்காக சுவிட்சர்லாந்தின் முதல் வரிசைக் கலைஞர்களில் ஒருவர் தன் முழுத் திறமையையும் இறக்கினார். நான் உனக்குச் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான். வாசகர் குறைவு என்பதால் கோட்டைக் குறைக்காதே. குறைவான வாசகருக்கு முழுக்கோடு வரை.

காரிஜியட் எங்கடின்காரரே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், துருன் என்ற ஊரில் 1902-இல் பிறந்தவர். அவர் பேசிய ரொமான்ஷ் வேறு. கூரில் சுவர் அலங்கார ஓவியம் பழகி, சூரிச்சுக்குப் போய், சுவரொட்டிகளும் விளம்பரங்களும் வரைந்து பெயரும் பணமும் சம்பாதித்தவர். 1939-இல் அதையெல்லாம் விட்டுவிட்டு பிளாட்டெங்கா என்ற மலைக்குடியிருப்புக்குப் போய்விட்டார். கோன்ஸ் கதையோடு அவரை அணுகியபோது உடனே வரைந்து கொடுத்துவிடவில்லை. குவார்டாவுக்கு வந்து தெருவையும் வாசலையும் கதவையும் வரைந்து பார்த்தார். புத்தகம் முடியச் சில ஆண்டுகள் பிடித்தன. கோன்ஸின் கணவர் கட்டடக் கலைஞர், குவார்டாவின் பழைய வீடுகளைச் சிதைக்காமல் புதுப்பித்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள். அந்தப் புத்தகத்தில் வீடுகள் ஏன் அவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்பது விளங்கும். சுவரின் கனத்தைத் தெரிந்தவர்கள் சேர்ந்து செய்த வேலை அது. ஜன்னல் உள்நோக்கிச் சரிந்து குறுகுவதில் குளிரே தெரியும்.

ஆகவே, மொழியில் பிறந்திருக்க வேண்டும், மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்று யாராவது உன்னை எங்கடினுக்கு வெளியே நிறுத்தினால் கேட்காதே. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர் வந்து பார்த்து வரைந்ததுதான் இந்தப் பள்ளத்தாக்கின் முகமாக உலகம் அறிந்த படம். நீ அங்கேயே வளர்ந்தவள். மணி கட்டி நடந்தவள். குவார்டாவை வரைய உனக்கு உரிமை இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லவும் உரிமை இருக்கிறது.

உன் பக்கங்களில் எனக்குக் குறையாகப் பட்டது இங்கேதான் தொடங்குகிறது. அப்பாவின் முதல் பனிக்காலக் கதையை வரைந்திருக்கிறாய். ஆனால் தெரு எந்தத் தெருவாகவும் இருக்கலாம். வீடுகள் ஜப்பானியக் காமிக்ஸில் வரும் ஐரோப்பிய வீடுகள் மாதிரி இருக்கின்றன. மாங்கா வாசிக்காதே என்று சொல்லமாட்டேன், நானும் வாசிக்கிறேன். ஆனால் உன் வீட்டு வாசலை விட்டுவிட்டு இன்னொருவர் கற்பனை செய்த வாசலை ஏன் கடன் வாங்குகிறாய்? ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஆர்டெட்ஸுக்குப் போ. 1647-ஆம் ஆண்டு வீடு ஒன்றின் முகப்பு முழுக்க ஆதாமும் ஏவாளும் தோட்டமும் எழுதியிருக்கும். பிறகு சுவர்களில் கீறியிருக்கும் ஸ்கிராஃபித்தோ வேலைகளைக் கிட்டப் போய்ப் பார். கருமை கலந்த சுண்ணாம்புச் சாந்தை முதலில் பூசுவார்கள். அது காய்வதற்குள் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதுவும் ஈரமாக இருக்கும்போதே ஆணியாலோ கூரான இரும்பாலோ வெள்ளையைக் கீறி எடுப்பார்கள். அடியிலுள்ள இருள் கோடாக வெளியே வரும். அலை, பூச்சக்கரம், மீன்வால் பெண், பாம்பு எல்லாம் அப்படி வந்தவை. அழிக்க முடியாது. காய்ந்த பிறகு சேர்க்கவும் முடியாது. கீறியவரின் கை எங்கே வேகம் எடுத்தது, எங்கே தயங்கியது என்பது முந்நூறு வருடம் கழித்தும் சுவரில் தெரிகிறது. உன் டாப்லெட்டில் ஒரு கோட்டை இருபது தடவை அழித்து வரையலாம். அந்த வசதியை மறுக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது மையும் தாளும் வைத்துக்கொண்டு, அழிக்க முடியாத கோடு போடு. கோட்டுக்கு ஒரு பொறுப்பு வரும்.

முடிந்தால் யூலியர் மலைப்பாதையால் இறங்கி சில்லிஸ் வரைக்கும் போய்வா. அங்கே புனித மார்ட்டின் தேவாலயத்தின் மரக்கூரையில் 153 சதுரக் கட்டங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. ஓரத்துக் கட்டங்களில் கடல் விலங்குகள், உள்ளே இயேசுவின் வாழ்க்கை கட்டம் கட்டமாக, கடைசி வரிசையில் புனித மார்ட்டின். கையில் கண்ணாடி தருவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு கழுத்து நோகாமல் மேலே பார்க்கலாம். எண்ணூறு வருடத்துக்கு முன் ஒருவர், எழுத வாசிக்கத் தெரியாத ஊர்ச் சனத்துக்கு ஒரு நீண்ட கதையைக் கட்டங்களாகப் பிரித்துச் சொல்ல உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கணத்தைக் கட்டத்துக்குள் வைப்பது, எதை இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடுவது என்று அவரும் யோசித்திருப்பார். உன் தொழிலுக்கு வயது குறைவு என்று யாராவது சொன்னால் அந்தக் கூரையைக் காட்டு.

இனி எழுத்துக்கு வருகிறேன். இத்தனை வருடமாக என் சொந்த வேலை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்பேன். ஹோட்டல் வேலை சோறு போட்டது. சித்திரக்கதைக் குமிழ்களுக்குள் தமிழ் எழுதுவது என்னை உயிரோடு வைத்திருந்தது.

ஜெனீவாவில் ரொடோல்ஃப் டோப்ஃபர் என்ற ஆசிரியர் இருந்தார், 1799-இல் பிறந்தவர். ஓவியராக ஆசைப்பட்டார், கண் நோய் விடவில்லை. விடுதிப் பள்ளி நடத்தினார். மாணவர்களைச் சிரிக்க வைக்க 1827 வாக்கில் கட்டம் கட்டமாகப் படக்கதை வரையத் தொடங்கினார். அந்தக் கைப்பிரதிகள் வயதான கோதேயின் கைக்குப் போய், அவர் பாராட்டிய பிறகே டோப்ஃபருக்கு அச்சிடத் துணிவு வந்தது. 1833-இல் ‘முசியே ஜாபோ’ அச்சானது. இன்றைய காமிக்ஸின் தகப்பன் என்று பலர் அவரைச் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது அவர் அச்சிட்ட முறை. கொழுப்பு மையால் தனித்தாளில் வரைந்து, அதைக் கல்லுக்கு மாற்றி அச்சிட்டார். கல்லில் நேரே வரைந்தால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் வரையவேண்டும். இந்த முறையில் அது தேவையில்லை. அதனால் படம் வரைந்த அதே பேனாவால், அதே கையெழுத்தில், படத்தின் கீழே வசனமும் எழுத முடிந்தது. படமும் எழுத்தும் ஒரே கையிலிருந்து பிறந்தன.

நம் தமிழ்ச் சித்திரக்கதை வேறு வழியால் வந்தது. 1972 தொடக்கத்தில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984-இல் அவருடைய மகன் விஜயன் மிக இளம் வயதில் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். அதே வருடம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ‘ராணி காமிக்ஸ்’ வந்தது. அவை கடல் தாண்டி எங்கள் ஊருக்கும் வந்தன. அட்டை கழன்ற ஒரு பிரதியை ஒழுங்கை முழுக்க வாசித்தோம். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை யாரும் எங்களைவிட மகிழ்ச்சியாக வாசித்திருக்க மாட்டார். முல்லை தங்கராசன் போன்றவர்கள் அந்தக் கதைகளுக்குக் கொடுத்த தமிழ் இன்றும் என் காதில் கேட்கிறது. ஆனால் குமிழ்கள் ஆங்கிலத்துக்காக வரையப்பட்டவை. ஆங்கிலத்தை அகற்றிவிட்டு அதே குமிழுக்குள் தமிழைக் குந்தவைக்க வேண்டியிருந்தது. இடம் போதாமல் எழுத்து சிறுத்தது, வசனம் குறுகியது. அந்த நெருக்கடிக்குள்ளும் அவர்கள் செய்துகாட்டியது பெரிய காரியம்.

உனக்கு அந்த நெருக்கடி இல்லை. தமிழுக்காகவே குமிழ் வரையும் வாய்ப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் நீ என்ன செய்திருக்கிறாய்? படத்தை முடித்து, மை போட்டு, முட்டை வடிவில் குமிழ் போட்டு, பிறகு கணினியில் ஏதோ ஓர் எழுத்துருவைத் தட்டி உள்ளே திணித்திருக்கிறாய். ஆங்கிலக் குமிழின் நெருக்கடியை நீயே உனக்கு உண்டாக்கிக்கொண்டாய்.

வசனத்தை முதலில் எழுது. கட்டம் பிரித்தவுடன், ஆளை வரைவதற்கு முன், பென்சிலால் வசனத்தைக் கையால் எழுதிப் பார். அது எவ்வளவு இடம் கேட்கிறது என்று தெரிந்த பிறகு மற்றதை வை. ஆங்கிலக் காமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து. எல்லா எழுத்தும் ஒரே உயரம், வரிக்கு வரி நெருக்கி எழுதலாம். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே வளைவு தூக்கும். ‘மு’, ‘ழு’, ‘கூ’ கீழே வால் இறக்கும். மேல்வரி வாலும் கீழ்வரி வளைவும் முட்டிக்கொண்டால் வாசிப்பவர் கண் தடுக்கும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிட நன்றாகக் கூட்டு. நம் சொற்கள் நீளம். ‘போய்விட்டிருக்கிறார்கள்’ என்பது ஒரே சொல். ஒல்லியான நெடுங்குமிழ் அதைத் தாங்காது. அகலமாக, தட்டையாக வரை. சொல்லை உடைக்காமல் முடிந்தால் நல்லது. உடைத்தே ஆகவேண்டும் என்றால் அடுத்த வரி புள்ளி வைத்த மெய்யில் தொடங்கக் கூடாது. பழைய அச்சுக்கோப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். கணினிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி ‘ட்’டில் தொடங்குகிறது.

அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் போடாதே. பேனா தடித்தால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கு, அல்லது அந்தச் சொல்லை மட்டும் தனி வரியில் விடு. சத்தங்களை எழுதும்போது நம் மொழி அள்ளிக் கொடுக்கும். உவர்சின் கையில் முதலில் கிடைத்த மணி ‘கிணுகிணு’ என்றுதான் அடித்திருக்கும். மலையிலிருந்து கொண்டுவந்தது ‘கணீர்’. இரண்டுக்கும் எழுத்தின் அளவு, வளைவு, சாய்வு எல்லாம் வேறாக வரும். அவற்றைப் படத்தோடு சேர்த்து, அதே தூரிகையால் வரை. பின்னால் ஒட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

அப்பாவைப் பேச விடு. ஐந்தாம் பக்கத்தில் சமையலறையில் நின்றுகொண்டு அவர் ‘அவர்கள் சென்றுவிட்டார்கள்’ என்கிறார். எந்தச் சமையலறையில் எந்த யாழ்ப்பாணத்து மனிதர் அப்படிக் கதைத்தார்? ‘அவை போட்டினம்.’ இரண்டே சொல். குமிழும் சின்னதாகும், மனிதரும் உயிரோடு வருவார். பாடப்புத்தகத் தமிழ் தெரிந்தால்தான் மரியாதை என்று நினைத்து எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. அவர் பேச்சை அப்படியே எழுதுவதுதான் அவருக்கு நீ செய்யும் மரியாதை. தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்குமா என்று பயப்படாதே. படம் பக்கத்தில் இருக்கிறது, விளங்கும்.

கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இரும்புக்கை மாயாவி’யை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழுக்காக வரைந்தார். கதை நாயகனுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். யோசித்துப் பார், பக்கத்துக்குப் பக்கம் நாயகனின் முகமே இல்லை. கோபம், பதற்றம், தயக்கம் எல்லாவற்றையும் காற்றில் தொங்கும் ஒரு கையாலேயே சொல்லவேண்டும். பிளாஸ்கோ சொன்னார். விரல்கள் எப்படி மடிகின்றன, மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலேயே ஆளின் மனம் தெரியும். சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கங்களைப் பார்த்து நான் கொப்பியில் கை கையாக வரைந்து தள்ளினேன்.

உன் கதையில் அப்பாவின் முகம் நிறைய வருகிறது. அழுகிறது, சிரிக்கிறது, யோசிக்கிறது. கை மட்டும் மொட்டையாக, நான்கு கோட்டில் முடிந்துவிடுகிறது. பிள்ளை, அந்தக் கையை ஒரு நாள் மேசையில் வைக்கச் சொல்லி உட்கார்ந்து வரை. அடுப்புத் தட்டு இழுத்த தழும்பு முன்கையில் குறுக்காக இருக்கும். வருடக்கணக்கில் சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஊறிய விரல் நுனிகளில் தோல் மினுங்கும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே கத்திப் பிடியின் தடிப்பு இருக்கும். 1983-க்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் சமையலறைகளின் பின்கதவால்தான் உள்ளே வந்தோம். இன்று சுமார் 50,000 பேர் இருக்கிறோம். எங்கடினின் பெரிய ஹோட்டல்களை எத்தனையோ ஓவியர்கள் முன்பக்கத்திலிருந்து வரைந்திருக்கிறார்கள், பால்கனி, கொடி, ஏரி எல்லாம் அழகாக. பின்பக்கத்தை வரைந்தவர் யார்? நிலமட்டத்துக்குக் கீழே சமையலறை, மேலே சின்ன ஜன்னல், அதில் பனிக்குவியலின் அடிப்பாகம் மட்டும் தெரியும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறக்கும்போது அந்த ஜன்னல் ஆவியில் மறையும். இதை நீ அப்பா சொல்லக் கேட்டு வரைந்திருக்கிறாய். உன் பக்கங்களிலேயே மிகச் சிறந்த கட்டம் அதுதான். அதற்கு அரைப்பக்கம் கொடு. இப்போது ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கிறது.

எங்கள் கதையை மற்றவர்கள் வரையத் தொடங்கிவிட்டார்கள். 2019-இல் ‘வன்னி’ என்ற ஆங்கிலச் சித்திரநூல் வந்தது. வன்னியில் ஐ.நா.வுக்காக வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொல்லக் வரைந்தது. கடைசிப் போரில் ஒரு குடும்பம் படும் பாட்டை நேர்மையாக, ஆராய்ந்து செய்திருக்கிறார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவன். வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஆனால் அதிலுள்ளவர்கள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அம்மா பிள்ளையைக் கூப்பிடும் குரல் எனக்குக் கேட்கவில்லை. அந்தக் குரலை எழுத உன்னைப் போன்றவர்கள்தான் வரவேண்டும். போரைத்தான் வரையவேண்டும் என்று இல்லை. ஒரு மனிதன் முதன்முதலாகப் பனியில் கால் வைத்த காலையை வரைந்தாலும் போதும், அவன் தன் மொழியில் பேசினால்.

பனி என்றதும் நிறம் நினைவுக்கு வருகிறது. பனியை வெள்ளையாகவும் நிழலைச் சாம்பலாகவும் போட்டிருக்கிறாய். செயின்ட் மோரிட்சில் 1908-இல் திறந்த செகந்தீனி அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போ. மலோயாவில் வாழ்ந்து, பொந்திரெசினாவுக்கு மேலே மலையில் வரைந்துகொண்டிருந்தபோது நோய் வந்து 1899-இல், 41 வயதில் இறந்தவர் ஜொவான்னி செகந்தீனி. அவர் பனியில் சாம்பல் இருக்காது. நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் மெல்லிய கீற்றுகளாகப் பக்கம் பக்கமாக ஓடும், தள்ளி நின்றால் வெளிச்சமாகும். அச்சில் உனக்கு அது முடியாது, நான்கு மைதான். ஆனால் கறுப்பு மையை நிழலில் கலக்காமல் நீலத்தை மட்டும் வைத்தாலே பனி குளிரும். வெளிச்சம் விழும் இடத்தில் எதையும் போடாதே, தாளை அப்படியே விடு. நல்ல தாள் வாங்கு.

பிழைப்பைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லூசர்னில் 1992-இலிருந்து நடக்கும் ஃபுமெட்டோ விழாவுக்குப் போ, சும்மா பார்க்கவாவது. பாசலில் கார்ட்டூன் அருங்காட்சியகம் இருக்கிறது. லோசானில் நகரசபை பெரிய காமிக்ஸ் சேகரிப்பு வைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து வாசி. பிரெஞ்சுப் பக்கத்தில் இந்தக் கலையை எல்லாரும் இலக்கியமாகவே நடத்துகிறார்கள், அது உன் முதுகை நிமிர்த்தும். கையில் இன்னொரு வேலை வைத்துக்கொள். சித்திரக்கதையிடம் சம்பளம் கேட்டால் அது அவசரப்படுத்தும். தமிழ்ப் பதிப்பை நூற்றைம்பது பிரதி, இருநூறு பிரதி என்று அடி. முன்பணம் வாங்கிக்கொண்டு அடி. லயன்-முத்து இத்தனை வருடமாக நிற்பது சந்தா கட்டிக் காத்திருக்கும் வாசகர்களால்தான். எண்ணிக்கை பெரிதில்லை, விடாமல் வாங்குகிறார்கள். பழைய இதழ் ஒன்றுக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட வாசகர் உனக்குக் கிடைத்தால் அவர்களை ஏமாற்றும் ஒரு கட்டம்கூட வரையக் கூடாது என்று உனக்கே தோன்றும். சூரிச்சில் பதிப்பாளர் பிறகு கேட்டால் டொச்சில் கொடு. ரொமான்ஷிலும் கொடு, உனக்குத்தான் அந்த மொழி வருமே. தமிழுக்காக வரைந்த அகலக் குமிழுக்குள் டொச் வந்து வசதியாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் சொற்கள் நீளம்தான்.

இப்போது வேலை. ஐந்தாம் பக்கத்தைத் திரும்ப வரை. ஆவி மூடிய ஜன்னலுக்கு அரைப்பக்கம். வசனம் கையால், முதலில். முகம் ஒன்று போதும், மற்றக் கட்டங்களில் கை. மை போடாதே, பென்சிலோடு அனுப்பு. அனுப்புவதற்கு முன் அப்பாவை உட்காரவைத்து வசனத்தை உரக்க வாசித்துக் காட்டு. ‘நான் இப்பிடிக் கதைக்கமாட்டன்’ என்று அவர் சொல்லும் இடங்களில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அவர் எப்படிச் சொல்வார் என்பதைப் பக்கத்தில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா